வெள்ளைத் தட்டு

“பெத்த பிள்ளைங்களையே தின்னுட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நிக்கறான் பாருங்க. இவனை வீட்ல வச்சுக்கச் சொல்றீங்களா?”

“தின்னதை நீ பாத்தியா?”

“பாக்கணுமா? எண்ணத் தெரியாதா எனக்கு?”

“கூட்டத்துல பர்ஸ் காணோம்னா பக்கத்துல நிக்கறவன்தான் எடுத்தான்னு ஆயிடுமா? முப்பத்தோரு வருஷம் கண்டக்டரா பாத்திருக்கேன் நான்.”

“அப்பா, இது பஸ் இல்ல. தொட்டி. உள்ள இருக்கறது அவனும் அவளும் குஞ்சுங்களும். வெளியிலேர்ந்து யாரு ஏறப்போறா?”



அப்பாவும் மகளும் ஏழாம் எண் தொட்டியின் முன் நின்றிருந்தார்கள். காலை பத்து மணி. மீன் அறையின் இருபத்திரண்டு தொட்டிகளிலும் காற்றுக் குமிழிகள் சீராக ஏறிக்கொண்டிருந்தன. எங்கோ ஒரு பெரிய பானையில் உலை கொதித்துக்கொண்டே இருப்பதுபோன்ற சத்தம். வாதாம் இலை ஊறிய தண்ணீர் வெளிறிய தேநீர் நிறத்தில் இருந்தது. அதில், விரித்த உள்ளங்கை அளவுக்கு வட்டமும் தட்டையுமாக இரண்டு டிஸ்கஸ் மீன்கள். ஆணின் உடம்பில் நீலக் கோடுகள் தண்ணீரில் கரையப்போகிற மைபோல் நெளிந்தன. நடுவில் ஒரு மண்பானை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பெண் மீனின் விலாவில் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு மேய்ந்தன. தாய் தகப்பன் இருவருமே தோலில் ஊறும் வழவழப்பை ஊட்டிப் பிள்ளை வளர்க்கிற வகை மீன் அது.

“பன்னெண்டு நாளைக்கு முன்னாடி நூத்துப் பத்து இருந்துச்சு. இப்ப பதினொண்ணு. மூணு நாளா அதே பதினொண்ணு.”

“மூணு நாளா குறையலைங்கறே இல்ல? அது ஏன்?”

“வயிறு ரொம்பியிருக்கும். நாலு மணிக்குக் கடைக்காரர் வர்றாரு. இவனைக் குடுத்துடறேன். அவளாவது இருக்கற பதினொண்ணை நிம்மதியா வளர்க்கட்டும்.”

அவளுக்கும் அது எளிதான முடிவு இல்லை. ஆறு குட்டி மீன்களை ஒரே தொட்டியில் விட்டு, அவற்றில் இரண்டு தாமாகவே ஒன்றையொன்று தேர்ந்தெடுக்கும்வரை பதினான்கு மாதம் காத்திருந்தாள். அதன்பிறகு இரண்டு முறை முட்டை வீணானது. இது மூன்றாவது முறை. அப்பாதான் ஆண் மீனுக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தார். அவருடைய உண்மையான மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்த்தான். வருஷத்தில் பத்து மாதம் கடலில்தான். “அந்த மாப்பிள்ளை தண்ணிக்கு மேல, இந்த மாப்பிள்ளை தண்ணிக்குள்ள. ஆனா இவனாவது வீட்டோட இருக்கான்” என்பார்.

வீட்டோடு இருந்த அந்த மாப்பிள்ளை இன்று மாலை பையில் ஏறப்போகிறான்.

*

அவர் இந்தப் பண்ணைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மனைவி போனபிறகு மகன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தார். இரண்டாவது மாடி, நல்ல வீடு, நல்ல மருமகள். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வாழ்நாள் முழுக்க ஓடுகிற பஸ்ஸுக்குள் நடந்து பழகிய மனிதருக்கு, ஆடாமல் அசையாமல் நின்ற அந்த வரவேற்பறையில் தலை சுற்றியது. பத்து நாள் மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வந்தவர் திரும்பிப் போகவில்லை.

மகன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தான். “குளத்து மேடெல்லாம் வழுக்கும்ப்பா. ஒரு தடவை விழுந்தீங்கன்னு கேள்விப்பட்டேன், அன்னிக்கே வந்து கூட்டிட்டு வந்துடுவேன்.” மகளும் அதற்கு ஒப்புக்கொண்டு வாக்குக் கொடுத்திருந்தாள். “விழுந்தாருன்னா நானே கொண்டுவந்து விட்டுடறேண்ணா.” இருவரும் அவரை வைத்துக்கொண்டே பேசினார்கள், இறங்க வேண்டிய இடம் தெரியாத பயணியைப் பற்றிப் பேசுவதுபோல.

வந்த இரண்டாவது வாரமே அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. மீன் அறைக்குப் பின்னால் மூன்று குளங்கள். மூன்றாவதில் மொய்னா பெருகும். கடுகில் கால்பங்குகூட இல்லாத, துள்ளித் துள்ளி நீந்தும் பூச்சி. பெரிய மீன்களுக்கு அதுதான் காலைத் தீனி. விடிந்ததும் மெல்லிய வலையால் அதை அள்ள வேண்டும். பெரிய கண் சல்லடையில் ஒருமுறை ஊற்றினால் இலை, குச்சி எல்லாம் நின்றுவிடும். பிறகு ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பி, குனிந்து, நிதானமாகப் பார்க்க வேண்டும். அதுதான் முக்கியம். தலைப்பிரட்டை, வண்டுப் புழு, சல்லடைக்குத் தப்பிய வேறு எதுவாக இருந்தாலும் வெள்ளையில் பளிச்சென்று தெரியும். எடுத்துப் போட்டுவிட்டுத்தான் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும்.

“இது செக்கிங் வேலை. நமக்குப் புதுசா என்ன?” என்று முதல் நாளே சொன்னார். எட்டு மாதத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

மீதி நேரமெல்லாம் அவர் மேட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பண்ணைக்கு வந்துபோகிறவர்களைக் கவனித்தார். காதில் பென்சில், மடியில் நோட்டு. நீர்க்காகம் இரண்டு ஏறியது, ஆறு ஐம்பது. குருட்டுக் கொக்கு இறங்கியது, ஏழு பத்து. உடும்பு வரப்பைக் கடந்தது, டிக்கெட் இல்லை. முதலில் மகள் சிரித்தாள். பிறகு, நீர்க்காகம் எந்த நேரத்துக்கு எந்தக் குளத்தில் இறங்குகிறது என்பதை அந்த நோட்டில் பார்த்தே எந்தக் குளத்துக்கு எப்போது வலை மூடுவது என்று முடிவு செய்யத் தொடங்கினாள்.

மீன்கொத்தியை மட்டும் அவர் தடுக்க விடவில்லை. மூன்றாம் குளத்தின் மண்சுவரில் அது வளை தோண்டி முட்டையிட்டிருந்தது. “அது பாஸ் வச்சிருக்கும்மா. விடு” என்றார். மகளும் ஓரத்துக் குட்டிக் குளத்துக் கப்பி மீன்களை அதற்கென்று விட்டுக்கொடுத்தாள்.

இன்று மீன்கொத்தி குஞ்சு பொரித்து இருபத்தோராம் நாள். நாற்காலியிலிருந்து வளை நாற்பதடி தூரம். அங்கிருந்தே தாய்ப்பறவை மீனை எப்படிக் கவ்வியிருக்கிறது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தனக்கென்றால் தலையை உள்பக்கமாக வைத்து விழுங்கும். பிள்ளைகளுக்கென்றால் மீனின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஊட்ட வசதியாக. இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பார்த்துப் பார்த்துத் தானே கண்டுபிடித்தது. கண்டுபிடித்த அன்று மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டார்.

நாற்பதடி தூரத்தில் மீனின் தலை எது, வால் எது என்று தெரிந்தது. மடியில் இருந்த நோட்டுதான் தெரியவில்லை.

பதின்மூன்று நாளாகவே தெரியவில்லை. அன்று காலை மூன்றாம் குளத்தில் குனிந்து வலை வீசியபோது கால் வழுக்கியது. அவர் எழுந்து நின்றபோது கிட்டத்துப் பார்வைக் கண்ணாடி மூக்கில் இல்லை. வலையால் துழாவினார். வலையில் ஒரு தவளைதான் வந்தது; அது போட்டுக்கொண்டிருக்குமோ என்றுகூட ஒரு தடவை பார்த்தார். வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டு, வெயிலில் காயும்வரை பம்ப்பு அறைக்குப் பின்னால் நின்றார். புதுக் கண்ணாடி வேண்டும் என்றால், பழையது எங்கே என்ற கேள்வி வரும். கண்ணாடி விழுந்தது என்றால், கூட வேறென்ன விழுந்தது என்ற கேள்வி வரும். அதனால் அவர் கேட்கவில்லை. வெள்ளைத் தட்டின் மேல் தினமும் குனிந்தார். ஒரு வெள்ளை வட்டம், அதில் ஏதோ கலங்கலாகத் துள்ளியது. சரியாகத்தான் இருக்கும் என்று தூக்கிக்கொண்டு போனார்.

*

சாப்பாடு முடிந்து மகள் கணவனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் மாப்பிள்ளையைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று மீன் அறைக்குப் போனார். வலைக் கதவைத் திறந்து, உடனே சாத்தினார். அந்த அறையில் பூச்சி புகக் கூடாது. ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் கம்பி வலை அடித்திருந்தது. ஈ கூட வராது.

எதிர்ச்சுவர் ஜன்னல் வலையில் ஒரு தட்டான் உட்கார்ந்திருந்தது.

பதினைந்தடி தூரம். அவருக்கு மிக நன்றாகத் தெரிகிற தூரம். குளத்து மேட்டில் தினமும் பார்க்கிற சிவப்புத் தட்டான் வகைதான், ஆனால் இன்னும் சிவப்பு ஏறவில்லை. வெளிறிய மஞ்சளாக இருந்தது. இறக்கைகள் எண்ணெய் தடவியதுபோலப் பளபளத்தன. விடியற்காலையில் கோரைத் தண்டுகளில் இப்படிப்பட்டவற்றை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். தண்ணீருக்குள் புழுவாக இருந்து, மேலேறி வந்து, முதுகு வெடித்துப் புதிதாக வெளியே வந்த தட்டானுக்கு முதல் நாள் மட்டுமே இருக்கிற பளபளப்பு அது.

இன்று பிறந்தது. வெளியிலிருந்து வரவில்லை.

குமிழிகளின் சத்தம் திடீரென்று மிகப் பெரிதாகக் கேட்டது. பிறகு ஏழாம் தொட்டிக்குப் போய், காற்றுக் குழாய் தண்ணீரைவிட்டு மேலே வருகிற இடத்தைக் கையால் தடவினார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது. காய்ந்த ஏதோ ஒன்று, முள் முள்ளான கால்களுடன் குழாயை இறுகப் பிடித்திருந்தது. மெதுவாகக் கிள்ளி எடுத்தார். எடையே இல்லை. கதவருகே வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கையை முழுக்க நீட்டி, கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பழுப்பு நிறக் கூடு. முதுகில் நீளமாக ஒரு பிளவு.

தட்டான் புழு மீன் குஞ்சுகளைத் தின்னும். ஒளிந்திருந்து தின்னும். அதுவும் அவர் மேட்டில் உட்கார்ந்து கற்றதுதான். பகலெல்லாம் பானைக்கு அடியில் இருந்திருக்கும். பிள்ளைகள் இருக்கும்போது பெரிய மீன்கள் மிரளக் கூடாதென்று மகள் அந்தப் பானையைத் தொடவே இல்லை. கூடு மாற்றும் முன் இரண்டு மூன்று நாள் அது தீனியைத் தொடாது. அதனால்தான் பதினொன்று பதினொன்றாகவே நின்றது.

மாப்பிள்ளை கண்ணாடிக்கு அருகில் வந்து அவரைப் பார்த்தான். இத்தனை நாளும் அவன் இரவு பகலாகப் பானையைச் சுற்றிச் சுற்றி வந்ததை, அடுத்த குஞ்சைத் தின்ன நேரம் பார்க்கிறான் என்று மகள் சொல்லியிருந்தாள்.

“காவல் காத்தியாடா?” என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. மகன். தினமும் இரண்டரைக்கு அழைப்பான்.

“அப்பா, சாப்டீங்களா? உங்க ரூமுக்குப் புது ஃபேன் மாட்டியாச்சு. ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டுட்டேன். பறவை பாக்கணும்னீங்களே, புறா நிறைய வருதுப்பா.”

“புறாவா.”

“நிறைய வருது.”

“சரிப்பா. நல்லாருக்கும்.” கூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்பு நிறைந்த குரல்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

பேசாமல் இருந்துவிடலாம். கூட்டைக் கசக்கினால் தூளாகிவிடும். தட்டானை ஜன்னல் திறந்து விட்டுவிட்டால் முடிந்தது. மாப்பிள்ளை ஒரு கடைக்குப் போவான். அங்கேயும் தண்ணீர்தானே. மேட்டுக்குப் போய் உட்கார்ந்து இதையே திரும்பத் திரும்ப யோசித்தார். எதிரே மீன்கொத்தி வளைக்குள் போயிற்று, வந்தது, போயிற்று. இருபது நாளில் முதல் தடவையாக அவர் அதை நோட்டில் எழுதவில்லை.

*

சரியாக நாலு மணிக்குக் கடைக்காரர் வந்துவிட்டார். ஸ்கூட்டரின் முன்னால் தெர்மோகோல் பெட்டி. மகள் ஏற்கெனவே மாப்பிள்ளையைப் பிடித்து, தண்ணீரும் காற்றும் நிரப்பிய பையில் கட்டி வைத்திருந்தாள். பைக்குள் அவன் நிறம் மங்கி, கோடுகள் கறுத்து, ஒரு மூலையில் சாய்ந்து நின்றான். தொட்டிக்குள் பெண் மீன் பானையை ஒருமுறை சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது.

“ஆள் நல்லாத்தான் இருக்கான். பழக்கம்தான் சரியில்லை போல” என்று கடைக்காரர் பையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “என்ன கண்டக்டர் சார், ஒரு மாதிரி இருக்கீங்க? மாப்பிள்ளை போறார்னு வருத்தமா?”

“பையைக் கீழ வைப்பா.”

“விசில் அடிக்காமலே வண்டியை நிறுத்தறீங்க!”

“அவன் ஒண்ணும் பண்ணல.” அவர் சட்டைப் பையிலிருந்து கூட்டை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார். “டிக்கெட் எடுக்காம ஒருத்தன் ஏறியிருக்கான். செக் பண்ண வேண்டிய ஆளு நான்.”

மகள் கையைப் பார்த்தாள். ஜன்னலில் இருந்த தட்டானைப் பார்த்தாள். அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பதினொன்று ஏன் மூன்று நாளாகக் குறையவில்லை என்பது அவள் முகத்திலேயே வந்து நின்றது. கடைக்காரரிடமிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, மாப்பிள்ளை மாமனார் வீட்லயே இருக்கட்டும். நான் அடுத்த வாரம் கப்பிக்கு வரேன்க்கா” என்று சொல்லி, வெறும் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினார். ஸ்கூட்டர் சத்தம் வரப்பு வளைவில் தேய்ந்தது.

“தட்டுல பாக்கலையாப்பா?”

“பாத்தேன்.”

“பின்ன?”

“தெரியல.”

“கண்ணாடி எங்க?”

“மூணாம் குளத்துல.”

“எப்ப?”

“பதிமூணு நாளாச்சு.”

“கண்ணாடி மட்டுமா விழுந்துச்சு?”

அவர் குமிழிகளைப் பார்த்தார். “முழங்கால் வரைக்கும்தான்.”

“அப்பா.”

“இடுப்பு வரைக்கும்.”

மகளுக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. கிட்டத்தில் நின்றதால் அவள் முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. மேசைமேல் அவர் வைத்திருந்த நோட்டை எடுத்துப் புரட்டினாள். பொடிப்பொடியாக, ஒரு பக்கத்துக்கு முப்பது வரி. பதின்மூன்று நாளைக்கு முந்தைய தேதியிலிருந்து எழுத்து திடீரென்று பெருத்திருந்தது. ஒரு பக்கத்துக்கு நாலே வரி, பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயர் எழுதியதுபோல. ‘மீன்கொத்தி. தலை வெளியே. ஆறு முறை.’ அடுத்த பக்கத்தில், ‘மீன்கொத்தி. தலை வெளியே. ஒன்பது முறை.’

“இதைத் தினமும் மேசைமேலதான் வச்சிருந்தீங்க” என்றாள். “நான்தான் நீர்க்காகம் எத்தனை மணிக்குன்னு மட்டும் பாத்துட்டு மூடிட்டேன்.”

நோட்டை மூடி வைத்தாள். பையைக் கட்டு அவிழ்க்காமல் ஏழாம் தொட்டியில் மிதக்க விட்டாள். உள்ளே இருக்கிற தண்ணீரும் வெளியே இருக்கிற தண்ணீரும் ஒரே சூடாக வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை திறக்கக் கூடாது. பெண் மீன் மேலே வந்து பையை மூக்கால் தொட்டது. உள்ளே அவன் அந்தப் பக்கம் திரும்பினான். கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாக நீலமாயின.

மகள் தொட்டியின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக் காத்திருந்தாள். அவள் மேல்சட்டைப் பையில் போன் இருந்தது. அண்ணனிடம் இதுவரை அவள் எதையும் மறைத்ததில்லை. அது அவருக்கும் தெரியும்.

அவர் இரண்டடி பின்னால் போனார். அங்கிருந்து அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது.

“நீ அவனுக்கு வாக்குக் குடுத்திருக்க. சொல்லாதேன்னு நான் கேக்க மாட்டேன்மா. சொல்லு. ஃபேன்கூட மாட்டிட்டானாம். இன்னும் நாலு நாள், மிஞ்சிப்போனா அஞ்சு நாள். அந்த மீன்கொத்திக் குஞ்சுங்க வளையை விட்டு வெளிய வந்துடும். தூரத்துலேர்ந்து பாக்கற வேலைதான், அதுக்குக் கண்ணாடியும் வேணாம். கிட்டக்கூடப் போக மாட்டேன், நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன். அது மொதத் தடவை பறக்கறதைப் பாக்கற வரைக்கும் மட்டும், என்னை இங்க இருக்க விடறியாம்மா?”